பக்கத்துத் தெரு சாமியைப் பார்க்கப் போகலாமா? நாலு மலை, ஒரே ரயில், ஒரு போன்!

குரோம்பேட்டையில் ஏறி பீச் பக்கம் போகும் மின்சார ரயில்ல நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க? காதுல இயர்போன், கையில ரீல்ஸ். ஜன்னலுக்கு வெளியே பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலைனு போர்டு மட்டும் ஓடிட்டே இருக்கும். இந்த அஞ்சு ஸ்டேஷனுக்குள்ள ஏறத்தாழ 1,400 வருஷம் பழைய ஒரு குகை, ஒரு சோழர் காலக் கோயில், போர்த்துகீசியர் கட்டிய ஒரு மலைச் சர்ச் இருக்கு. பல்லாவரத்தில் இறங்கி பஸ் பிடிச்சா நாலாவதா ஒரு திவ்ய தேசமும் கிடைக்கும். நாலுமே மலையும் மலையடிவாரமும்தான். மாசப் பாஸ் வைத்திருந்தால் டிக்கெட் செலவுகூட கிடையாது.

நான் சிட்லபாக்கத்தில் பிறந்து வளர்ந்தவ. விடியற்காலை ஏரிக்கரையில் நடந்தால், ஒரு பக்கம் பாங்கு, இன்னொரு பக்கம் கோயில் ஸ்பீக்கரில் சுப்ரபாதம், ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச் மணி. மூணுமே எங்களுக்கு அலாரம் மாதிரி. ஆனா இருபத்தஞ்சு வயசு வரைக்கும் எங்க வீட்டுச் சாமி இருக்கிற கட்டடத்தைத் தவிர மத்த எதுக்குள்ளயும் நான் ஒழுங்கா நுழைஞ்சதே இல்லை. நுழைஞ்ச ரெண்டு மூணு தடவையும் சொதப்பல்தான்.

முதல் சொதப்பல், காலேஜ் தோழி கல்யாணம். கத்தோலிக்கச் சர்ச், திருப்பலியோடு சேர்ந்த திருமணம். நடுவில் எல்லாரும் எழுந்து வரிசையில் நின்னாங்க. வரிசைன்னா நிக்கணும், கையை நீட்டணும், பிரசாதம் வாங்கணும். இதானே நமக்குத் தெரிஞ்ச ரூல்? நானும் நின்னேன். ஃபாதர் என் முன்னாடி அந்த வெள்ளை அப்பத்தை உயர்த்திப் பிடிச்சு என்னமோ சொன்னார். நான் பதில் சொல்லாம முழிச்சேன். அவர் மெதுவா, "நீங்க கத்தோலிக்கராம்மா?" என்றார். இல்லைனு தலையாட்டினேன். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிட்டார். பின்னாடி நின்ன ஆன்ட்டி மட்டும் என் முதுகை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டே இருந்தாங்க.

அது பிரசாதம் இல்லைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. நற்கருணை என்பது இயேசுவின் உடலேதான் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. அவர்களுக்கு அது ஒரு அடையாளம் இல்லை. ஞானஸ்நானம் பெற்று, 'முதல் நன்மை' என்ற சடங்கும் முடித்தவர்கள்தான் அதை வாங்குவாங்க. சொந்த வீட்டுக் குழந்தையே அந்த வயசு வரும்வரை காத்திருக்கும். அதனால, 'நமக்கு மட்டும் தரலையே'னு முகம் சுருங்க வேண்டாம். வரிசை நகரும்போது நீங்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மத்தபடி அவங்க எழுந்தா எழுங்க, உட்கார்ந்தா உட்காருங்க. மண்டியிடுறது உங்க விருப்பம். முடியறதுக்குச் சற்று முன்னால பக்கத்துல இருக்கிறவர் திரும்பி உங்களைப் பார்த்துக் கை கூப்பி "சமாதானம்" என்பார். பதிலுக்கு நீங்களும் கை கூப்புங்க. எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடிக்கும்.

குகைக்குள்ள ஒரு தர்கா

சரி, ரயிலுக்கு வருவோம். முதல் நிறுத்தம் பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் நம்மில் பலருக்கு இந்த ஊரைத் தெரியும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியலாளர் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்தில்தான். பள்ளிக்கூடப் பாடத்துல 'பல்லாவரம்'னு படிச்சு மார்க் வாங்கியிருப்போம். அது நம்ம ஸ்டாப்பிங்குக்கு அடுத்த ஸ்டாப்பிங்னு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

இங்கே உள்ள குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குகைக் கோயிலைக் குடைந்தான். பாறையைக் குடைந்த தூண்கள், உள்ளே ஐந்து சிறு அறைகள். தூணுக்கு மேலே உத்தரத்தில் அவனுடைய பட்டப்பெயர்களை வெட்டியிருக்காங்க. ஐந்து அறை இருந்ததால் பிற்காலத்தில் ஊர் மக்கள் பஞ்ச பாண்டவர் மலைனு கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கு அந்தக் குகை ஒரு தர்கா. பல்லவன் குடைந்த அதே அறைகளுக்கு முன்னால் ஊதுபத்தி எரியுது, ஃபாத்திஹா ஓதுறாங்க.

மகேந்திரவர்மனைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இவர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' ஒரு காமெடி நாடகம். குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன், தன் கபாலம் காணாமல் போனதும் ஒரு புத்த பிட்சு மேல் திருட்டுப் பழி போட்டுச் சண்டை இழுக்கிறான். பஞ்சாயத்து பண்ண ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிட்டுப் போனது நாய். பல மதத்தாரையும் ஒரே மேடையில் ஏத்திக் கலாய்த்த ராஜா. அவர் குடைந்த குகையின் இன்றைய நிலைமை அவருக்குத் தெரிந்தால் இன்னொரு நாடகம் எழுதியிருப்பார்னு எனக்குத் தோணும்.

இந்த மாதிரி இடத்துக்குப் போகும்போது, 'அப்போ இது யாரோடது?' என்ற கேள்வியைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அந்தக் கேள்விக்கு யூட்யூப்ல ஆயிரம் பேர் கத்திக்கிட்டு இருக்காங்க. கல்வெட்டைப் பார்க்கப் போறவருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கணும்னு வேண்டப் போறவருக்கும் ஒரே வாசல்தான். நீங்க விருந்தாளி. அங்கே இருப்பவரிடம், "உள்ளே பார்க்கலாமாங்க?"னு ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெண்கள் எதுவரை போகலாம் என்பது தர்காவுக்குத் தர்கா மாறும். அதையும் கேட்டுட்டே போங்க. செருப்பு வெளியே, தலையில் துப்பட்டாவோ கைக்குட்டையோ. அவ்வளவுதான் தயாரிப்பு.

தர்காவும் பள்ளிவாசலும் ஒண்ணுன்னு நினைச்சிருந்தீங்கன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன். தர்கா என்பது ஒரு இறைநேசர் அடக்கமான இடம், அல்லது அவர் பெயரால் உள்ள இடம். எந்த நேரமும் ஆள் வந்து போகும், எல்லா மதத்தாரும் வருவாங்க. கோவளத்தில் கடற்கரைப் பக்கம் இருக்கும் தமீமுல் அன்சாரி தர்காவில் நின்னு பார்த்தால் பொட்டு வைத்த நெற்றிகள் நிறையத் தெரியும். பள்ளிவாசல் தொழுகைக்கான இடம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ. சுற்றிப் பார்க்கணும்னா தொழுகை நேரம் தவிர்த்து, ஜமாத் ஆபீஸில் கேட்டுட்டுப் போறதுதான் முறை. பெண்களுக்குத் தனி இடம் உள்ள பள்ளிவாசலும் உண்டு, இல்லாததும் உண்டு. இஸ்லாமியர்களிலேயே ஒரு சாரார் தர்கா வழிபாட்டை ஏத்துக்கிறதில்லை. அதனால் முஸ்லிம் நண்பரிடம், "வாங்க, உங்க தர்காவுக்குப் போகலாம்"னு சொன்னால் அவர் நெளியக்கூடும். என்கிட்ட ஒருத்தர் நெளிஞ்சார்.

ரயில்ல இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே, சிட்டிக்குப் போறவங்களுக்கு ஒரு கொசுறு: திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதியின் சுவரில் ஒரு பாரசீகக் கல்வெட்டு இருக்கு. கட்டிய ஆண்டைக் குறிக்கும் அந்த வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்கிற இந்து. இன்னிக்கும் ரமலான் மாசத்தில் அங்கே நோன்பு திறக்க வருபவர்களுக்கு மயிலாப்பூர் 'சூஃபிதார்' அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள்தான் பல வருஷமா சமைத்துப் பரிமாறுகிறார்கள்.

மேலே விமானம், கீழே சிலுவை

திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ஏர்போர்ட். எல்லாரும் அந்தப் பக்கம் டிராலி பேக்கை இழுத்துட்டு ஓடுவாங்க. நீங்க மலைப் பக்கம் திரும்புங்க. நடக்கும் தூரத்தில் திரிசூலநாதர் கோயில். சுத்தியும் குன்றுகள். நான்கு வேதங்களே நான்கு மலையாக நிற்பதாகத் தலபுராணம் சொல்லுது. அந்த வேதமலையில் கொஞ்சத்தை குவாரிக்காரங்க ஏற்கெனவே ஜல்லியாக்கிட்டாங்க. பிராகாரத்தில் நின்னா குருக்கள் மந்திரத்தை நடுவில் விமானம் ஒண்ணு விழுங்கிட்டுப் போகும். அவர் நிறுத்தாம சொல்லிட்டே இருப்பார்.

அடுத்தது பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம்தான். ஏற நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். 18-ஆம் நூற்றாண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டித் தந்தவை. 'பரங்கி' என்றால் அந்தக் காலத்தில் போர்த்துகீசியர், ஐரோப்பியர். இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 72-ல் இங்கே உயிர்நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மலையுச்சியில் சர்ச் கட்டினாங்க. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீகம். தமிழ்நாட்டு மலை, பாரசீக எழுத்து, போர்த்துகீசியச் சர்ச், ஆர்மீனியப் படிக்கட்டு. இந்தியாவையே அளந்த பெரும் நில அளவைக்காக வில்லியம் லாம்டன் 1802-ல் முதல் அடிக்கோட்டை அளந்ததும் இந்த மலையை வைத்துத்தான். நம்மாளுங்க மேலே ஏறி முதல்ல பண்றது, ரன்வேயில் இறங்கும் விமானத்தோட செல்ஃபி. நானும் எடுத்திருக்கேன், குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா சர்ச்சுக்குள்ள நுழையும்போது போனை சைலன்ட்டில் போடுங்க. உள்ளே திருப்பலி நடக்குதா, யாராவது முழந்தாளில் இருக்காங்களானு பாருங்க. நடந்தால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முடியும்வரை இருங்க, அல்லது வெளியே காத்திருங்க. பீடத்துக்கு மேல ஏறாதீங்க. செருப்பைப் பொறுத்தவரை ஒரே விதி கிடையாது. வாசலில் மத்தவங்க செருப்பு கிடந்தால் நீங்களும் கழட்டுங்க.

நான் டெலீட் பண்ணின வீடியோ

போன் விஷயத்துக்கு வந்துட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்திட்டு இருந்தேன்.

மூணு வருஷம் முன்னாடி, வேலைக்குச் சேர்ந்த புதுசு. வார இறுதிக்கு ஒரு வீடியோ வேணும்னு ஒரு தர்காவுக்குப் போயிருந்தேன். எந்தத் தர்கானு சொல்ல மாட்டேன், அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. சாயங்கால வெளிச்சம், சாம்பிராணிப் புகை, மயில்தோகை. ஃபிரேம் அள்ளுது. ஒரு ஓரத்தில் பதினேழு, பதினெட்டு வயசுப் பொண்ணு தலையைச் சுத்திச் சுத்தி ஆட்டிட்டு அழுதுட்டு இருந்தா. மனசு சரியில்லாதவங்களை வீட்டார் தர்காவுக்கும் சர்ச்சுக்கும் கோயிலுக்கும் கூட்டிட்டு வர்றது நம்ம ஊர்ல புதுசில்ல. நான் ஜூம் பண்ணினேன். பதினஞ்சு செகண்ட் இருக்கும். திடீர்னு ஸ்கிரீன் இருட்டாச்சு. ஒரு உள்ளங்கை. அந்தப் பொண்ணோட அம்மா.

அவங்க கத்தலை. "எங்க சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாதும்மா. இவளுக்குக் கல்யாணம் ஆகணும்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கேயே டெலீட் பண்ணினேன். 'சமீபத்தில் நீக்கியவை'யிலிருந்தும் நீக்கி, அவங்ககிட்டயே காட்டினேன். அவங்க சரிம்மானு சொல்லிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிச் சர்க்கரை கொடுத்தாங்க. அந்தச் சர்க்கரையை என்னால் உடனே சாப்பிட முடியல.

நான் டெலீட் பண்ணாம போயிருந்தா? அந்த அம்மா அடுத்த வாரம் வந்திருக்க மாட்டாங்க. பத்து பேர் அப்படிப் பண்ணினா, வாசலில் ஒரு போர்டு வந்திருக்கும்: 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை'. இது கற்பனை இல்லை, வேற ஊரில் நடந்திருக்கு.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னேனு ஒரு ஊர். அங்கே இருக்கும் பெரிய பள்ளிவாசல், மண்ணால் கட்டிய கட்டடங்களில் உலகிலேயே மிகப் பெரியது. இப்போ நிற்கும் கட்டடம் 1907-ல் முடிந்தது. சுவர்களிலிருந்து பனங்கட்டைகள் முள்ளு மாதிரி துருத்திட்டு நிக்கும். அது அழகுக்கு மட்டும் இல்லை, ஏறி நின்னு பூசுவதற்கான சாரமும் அதுதான். மழை கரைச்சிடுமே? அதனால் வருஷா வருஷம் ஊரே திரண்டு மண் குழைத்து, பெண்கள் தண்ணீர் சுமக்க, பையன்கள் கட்டையில் தொத்திட்டுப் பூச, ஒரு திருவிழாவாகவே புது மண் பூசுவாங்க. நம்ம ஊர்க் கும்பாபிஷேகத்தை வருஷம் ஒரு தடவை பண்ற மாதிரி. 1988-ல் அந்தப் பழைய ஊர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வெளிநாட்டுப் பயணிகள் உள்ளே போய்ப் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. 1996-ல் ஒரு ஃபேஷன் பத்திரிகைக்காரங்க மாடல்களைக் கூட்டிட்டுப் போய், அரைகுறை உடையில் அங்கே போட்டோஷூட் நடத்தினதாச் சொல்றாங்க. ஊர் கொதிச்சுது. அதுக்கப்புறம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லைனு வாசலில் எழுதிட்டாங்க. போட்டோ எடுத்தவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அப்புறமா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் பண்ணி மரியாதையா வந்தவங்க வாசலோட நின்னாங்க.

நம்ம ஊருக்கு வந்தால், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை கொண்டுவரச் சொல்லி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் விஷயமாப் போட்ட வழக்கு அது. பக்தர்களின் கவனம் சிதறுது, மூலவரையே படம் எடுக்கிறாங்க, பெண்களை அவங்களுக்குத் தெரியாம எடுக்கும் ஆபத்து இருக்கு என்பதெல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்ட காரணங்கள். இப்போ பெரிய கோயில்களில் போனை டோக்கன் போட்டு வாங்கி வச்சிக்கிறாங்க. சின்னக் கோயில்களில் யாரும் கேட்க மாட்டாங்க. கேட்காத இடத்தில்தான் நாம ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்குப் படுது.

நான் இப்போ வச்சிருக்கும் பழக்கம் ஒண்ணுதான். கட்டடத்தை எடுப்பேன், கேட்டுட்டு. மனுஷங்க முகத்தை எடுக்க மாட்டேன், கேட்டும்கூட. வேண்டிட்டு இருக்கிறவங்ககிட்ட போய் 'எடுக்கட்டுமா'னு கேட்கிறதே ஒரு தொந்தரவுதான். உள்ளே போன முதல் பத்து நிமிஷம் போன் பையிலேயே இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கல்வெட்டும் கண்ணில் படுது, ஆளும் பேச்சுக் கொடுக்கிறாங்க. கையில் கேமரா இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டாங்க பாஸ்.

கொடிமரம் வரைக்கும்

இதுவரை நான் போன கதையைச் சொன்னேன். இந்துப் பெயர் உள்ள நான் தர்காவுக்கும் சர்ச்சுக்கும் போறது சுலபம். தடுத்து நிறுத்தின வாசல் ஒண்ணுகூட இல்லை. திருப்பிப் போட்டா?

கோயிலுக்குள் யார் போகலாம் என்பது நம்ம ஊரில் ரொம்பப் பழைய சண்டை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தது தெரிஞ்சிருக்கும். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. எந்தச் சாதி இந்துவையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது, உங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் அவரே வாசலோடு நிறுத்தப்பட்டிருக்கலாம். வேற மதத்தார் விஷயம் தனி. 2024 ஜனவரியில், பழனி கோயில் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று போர்டு வைக்கச் சொன்னது. அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை இருக்குனு எழுதிக் கொடுத்தால் போகலாம் என்றும் சொன்னது. நடைமுறையில் இது கோயிலுக்குக் கோயில் மாறும். சில இடத்தில் போர்டு இருக்கும், சில இடத்தில் கேள்வியே இருக்காது.

கோயிலை வெளியிலிருந்து பார்க்கவும் நிறைய இருக்கு. சிட்லபாக்கத்திலிருந்து சேலையூர் வழியா போனா மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலம், மத்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பு. கருவறைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க. சதுரமா இருக்காது, யானை படுத்திருக்கும்போது பின்பக்கம் எப்படி வளைஞ்சிருக்கும், அப்படி இருக்கும். 'தூங்கானை மாடம்'னு இதுக்குப் பேர். பேர் வச்சவர் யானையை நல்லா ரசிச்சவர்.

போன மாசம் என் பள்ளித் தோழியைக் கூட்டிட்டு திருநீர்மலை போனேன். அவளும் சிட்லபாக்கம்தான், எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. முஸ்லிம். அவங்க வீட்டு நோன்புக் கஞ்சி குடிச்சு வளர்ந்தவ நான். அவகூட தர்காவுக்குப் பத்து தடவையாவது போயிருப்பேன். எங்க கொலுவுக்கு அவ வருஷம் தவறாம வருவா. ஆனா கோயிலுக்குள் அவளை நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லைங்கிறது அன்னிக்கு பஸ்ல போகும்போதுதான் உறைச்சுது.

திருநீர்மலையில் பெருமாள் நாலு கோலத்தில் இருக்கார். நின்ற நீர்வண்ணன் மலையடிவாரத்தில். உட்கார்ந்த நரசிம்மர், படுத்த ரங்கநாதர், நடந்து அளக்கும் திரிவிக்கிரமர் மூணு பேரும் மலைமேல். திருமங்கையாழ்வார் வந்தப்போ மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். தண்ணி வடியட்டும்னு ஆறு மாசம் எதிரே தங்கியிருந்து பார்த்துட்டுப் போனாராம். அதனால்தான் நீர்மலை. இதைச் சொல்லிட்டே குளக்கரையில் நடந்தோம்.

கோயில் வாசலில் அவ நின்னுட்டா. "நீ போயிட்டு வாடி. நான் இங்கேயே இருக்கேன்."

"வாடி, கேட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

"கேட்டா, இல்லைன்னு சொல்லுவாங்களோ என்னமோ. நீதான் சங்கடப்படுவே" என்றாள். யாரும் அவளைத் தடுக்கலை. போர்டு இருக்கானுகூட நாங்க தேடலை. உள்ளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் கிடைச்சிருக்கும். இத்தனை பாரா உங்களுக்கு 'ஒரு வார்த்தை கேளுங்க'னு சொன்ன நான், அன்னிக்குக் கேட்கலை.

என் செருப்பையும் போனையும் அவகிட்ட கொடுத்துட்டு உள்ளே போனேன். நீர்வண்ணனைப் பார்த்துட்டு, துளசியும் தீர்த்தமும் வாங்கிட்டுத் திரும்பினப்போ, அவ குளத்துப் படியில் உட்கார்ந்து பூக்காரம்மாகிட்ட பேசிட்டு இருந்தா. எனக்குத் தெரியாத ரெண்டு விஷயம் அந்தம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாங்க: மலைமேல் நடை எப்போ சாத்துவாங்க, எந்த நாளில் கூட்டம் குறைச்சலா இருக்கும். துளசியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துட்டு போன் கவருக்குள்ள வச்சுக்கிட்டா.

"மலைமேல ஏறுறியா, இல்ல பஸ்ஸுக்குப் போலாமா?" என்றேன்.

"படி வரைக்கும் ஏறலாம்ல? படிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?"

ஏறினோம். பாதி வழியில் நின்னு திரும்பினப்போ பல்லாவரம் குன்றும், அந்தப் பக்கம் திரிசூலமும் தெரிஞ்சுது. பரங்கிமலை எதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. போன் அவகிட்டதான் இருந்துச்சு, மேப்பைத் திறந்து பார்த்தோம். அவ சொன்னதுதான் சரி.